பைக்கற்றில் இருப்பதும் பழத்தில் இருப்பதும்

மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் வீடு சந்திக்கச் சென்றிருந்தேன். தகரக் கூரை போட்ட சிறிய வீடு. கிணற்றடியில் நான்கு பப்பா மரங்கள். அவற்றுள் ஒன்றில் மூன்று பழங்கள் மஞ்சள் பிடித்து நின்றன. காகம் கொத்திய பழமொன்று கீழே கிடந்தது. நான் கதிரையில் அமர்வதற்குள் வீட்டுத் தாயார் மகனைக் கூப்பிட்டுக் காதுக்குள் ஏதோ சொல்லி, கையில் காசையும் வைத்தார். பையன் சைக்கிளில் பறந்தான். சிறிது நேரத்தில் கிறீம் பிஸ்கற்றும் ஒரு போத்தல் நிறச் சோடாவும் என் முன்னால் வந்து சேர்ந்தன.

"ஏனம்மா, அந்தப் பழத்திலை ஒரு துண்டு வெட்டித் தந்திருக்கலாமே" என்றேன்.

"ஐயோ பாதர், அது சும்மா முத்தத்திலை நிக்கிறது. அதை எப்பிடி உங்களுக்குத் தாறது?"

விருந்தினருக்குக் காசு கொடுத்து வாங்கியதைத்தான் வைக்கவேண்டும் என்பது அவருடைய எண்ணம். அவரைக் குறை சொல்வதற்கில்லை. வீடு வீடாகச் சென்று வைத்ததை வாய் திறவாமல் உண்டு வந்த குருமாராகிய நாமும் இதற்கு உடந்தையே. ஆனால் அந்த மூன்று பழங்களுக்கும் என்ன நடந்தது என்பதைப் பின்னர் அறிந்தபோதுதான் இதைப் பற்றி எழுதவேண்டும் என்று தோன்றியது. மறுநாள் அவை சந்தை வியாபாரியிடம் சென்றன. கிடைத்த காசில் பிள்ளைகள் பாடசாலைக்குக் கொண்டு செல்வதற்குப் பொரித்த சோளப் பைக்கற்றுகள் வாங்கப்பட்டன. அதாவது அந்தக் குடும்பம் பழத்தைக் கொடுத்துப் பைக்கற்றை வாங்கியது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் அவர்கள் எதைக் கொடுத்தார்கள், எதைப் பெற்றார்கள் என்பதைக் கணக்குப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பைக்கற்றின் பின்புறம்

வீட்டில் பிள்ளைகள் வீசிய வெறும் பைக்கற் ஒன்றை எடுத்துத் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து மிகச் சிறியதாகத்தான் இருக்கும். கண் தெளிவான மூத்த பிள்ளையை வாசிக்கச் சொல்லலாம்.

முதலில் நிறையைப் பாருங்கள். தலையணை போல ஊதியிருக்கும் பைக்கற்றுக்குள் பெரும்பாலும் 20 அல்லது 25 கிராம் பண்டமே இருக்கும். மிகுதி காற்று. 25 கிராம் பைக்கற் 60 ரூபாவுக்கு வாங்கினீர்கள் எனின் ஒரு கிலோவின் விலை 2,400 ரூபா ஆகிறது. இந்தப் பெருக்கலை ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில் கரும்பலகையில் செய்து காட்டியபோது சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. நம் ஊர்ச் சந்தையில் நம் ஊர்ப் பழம் எதுவும் அந்த விலைக்குக் கிட்டவும் வந்தது கிடையாது.

அடுத்ததாகச் சேர்மானப் பொருட்களின் பட்டியல். இதில் ஒரு விதி உண்டு. எந்தப் பொருள் நிறையில் அதிகமோ அது முதலில் எழுதப்படும், குறைந்தது கடைசியில் வரும். கோதுமை மா, சீனி, தாவர எண்ணெய் என்று தொடங்கினால் அந்தப் பண்டத்தின் பெரும்பகுதி அந்த மூன்றுமே. மேலட்டையில் செம்புற்றுப்பழமோ அன்னாசியோ பெரிதாகச் சிரித்துக்கொண்டிருக்கும். பட்டியலில் அந்தப் பழத்தைத் தேடுங்கள். பல தடவைகளில் பழம் இராது, பழத்தின் வாசனையூட்டி மாத்திரம் கடைசி வரியில் இருக்கும். நிறமூட்டிகள் இலக்கத்தால் குறிக்கப்படுகின்றன. 102 என்பது மஞ்சள், 110 என்பது செம்மஞ்சள். இவை அனுமதிக்கப்பட்டவை. ஆயினும் பழத்தின் மஞ்சள் வேறு, இந்த மஞ்சள் வேறு. பப்பாப்பழத்துக்கு நிறம் கொடுக்கும் கரோற்றின் வகைப் பொருட்களில் சில உடலுக்குள் விற்றமின் ஏ ஆக மாறுகின்றன. 102 எதுவாகவும் மாறுவதில்லை.

மூன்றாவதாக, 100 கிராமில் என்ன உண்டு என்ற அட்டவணை. கிறீம் பிஸ்கற்றை எடுத்தால் 100 கிராமில் ஏறத்தாழ 480 கலோரி சக்தி, 30 முதல் 40 கிராம் வரை சீனி, 20 கிராமளவு கொழுப்பு, ஐந்து ஆறு கிராம் புரதம். (நான் இங்கே கலோரி என்று சொல்வது அட்டவணையில் கிலோ கலோரி என்று எழுதியிருப்பதையே.) பொரித்த சோளப் பண்டங்களில் சீனி குறைவு. ஆனால் கொழுப்பு 25 முதல் 35 கிராம் வரை போகும், உப்பும் அதிகம். விற்றமின் சி இரண்டிலும் இல்லை என்றே சொல்லலாம். அது சூட்டில் அழிந்துபோகும் சத்து. போறணையிலும் எண்ணெயிலும் வெந்த பண்டத்தில் அதை எதிர்பார்க்க முடியாது.

வாசிக்க நேரமில்லாதவர்களுக்காக அரசாங்கம் நிறக் குறியீடு ஒன்றைக் கொண்டுவந்துள்ளது. 2016 ஆவணி முதல் இனிப்புப் பானங்களுக்கு இது நடைமுறைக்கு வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு வட்டம், 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை. திண்ம உணவுகளுக்கான ஒழுங்குவிதி 2019இல் வெளியிடப்பட்டது. அதன்படி 100 கிராமில் சீனி 22 கிராமையோ, உப்பு 1.25 கிராமையோ, கொழுப்பு 17.5 கிராமையோ தாண்டினால் சிவப்பு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் செம்மஞ்சளைக் கண்டு ஏமாறவேண்டாம். 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனியுள்ள பானமும் செம்மஞ்சளே. அதில் 250 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றைக் குடிக்கும் பிள்ளை 25 கிராம் சீனியை, அதாவது ஐந்து தேக்கரண்டியை, ஒரே மூச்சில் உள்ளே தள்ளிவிடுகிறது. நாளொன்றுக்கு 1,500 கலோரி தேவைப்படும் ஒரு பிள்ளைக்கு, உணவில் சேர்க்கப்படும் சீனி 37 கிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதைவிடக் குறைப்பது இன்னும் நல்லது. காலைத் தேநீருக்குப் போட்ட சீனியையும் இதனுடன் கூட்டிப் பாருங்கள்.

பழத்தின் அட்டவணை

பழத்துக்கு அட்டை ஒட்டுவார் இல்லை. ஆகவே அதன் அட்டவணையை நாமே எழுதவேண்டியுள்ளது.

100 கிராம் பழுத்த பப்பாவில் 43 கலோரி மாத்திரமே உண்டு. பெரும்பகுதி தண்ணீர். ஆனால் அதற்குள் ஏறத்தாழ 60 மில்லிகிராம் விற்றமின் சி இருக்கிறது. ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு வேண்டியது 35 மில்லிகிராம். அப்படியாயின் உள்ளங்கையளவு துண்டொன்று அன்றைய தேவையைத் தீர்த்துவிடுகிறது. விற்றமின் ஏ ஆக மாறும் பொருளும் அதில் உண்டு. இதே நன்மை மாம்பழத்திலும் உண்டு: 60 கலோரி, 36 மில்லிகிராம் விற்றமின் சி, நல்ல அளவு விற்றமின் ஏ. கறுத்தக்கொழும்பான் தான் வேண்டும் என்பதில்லை. வேலியோரத்துப் புளி மாம்பழமும் இந்த வேலையைச் செய்யும்.

வாழைப்பழத்தில் சக்தி கூட, 89 கலோரி. விற்றமின் சி குறைவு. ஆனால் பொற்றாசியம் என்ற கனியுப்பு 350 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. இது உப்பினால் உயரும் குருதி அமுக்கத்துக்கு எதிராக வேலை செய்வது.

இவை எல்லாவற்றையும் வென்று நிற்பது நாம் பழமென்றே மதிக்காத கொய்யா. 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் விற்றமின் சி. நார்ப்பொருள் ஐந்து கிராமளவு. அரைக் கொய்யாப்பழம் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் போதும். விற்றமின் சியை உடல் நீண்ட நாள் சேமித்து வைப்பதில்லை. ஆகையால் இன்று ஐந்து பழம் தின்றுவிட்டு அடுத்த கிழமை முழுவதும் சும்மா இருக்கலாம் என்று எண்ணக்கூடாது. நாள்தோறும் கொஞ்சம் வேண்டும்.

ஆஸ்பத்திரியில் இருக்கும் உறவினரைப் பார்க்கப் போகும்போது நாம் என்ன கொண்டு போகிறோம்? கடல் கடந்து வந்த அப்பிளும் முந்திரிகைப்பழமும். வீட்டிலே கொய்யா அணில் கோதி விழுந்துகொண்டிருக்கும். 100 கிராம் அப்பிளில் விற்றமின் சி ஐந்து மில்லிகிராமுக்கும் குறைவு, முந்திரிகையில் மூன்றளவு. நோயாளியின் புண் ஆறுவதற்கு வேண்டிய சத்துகளில் விற்றமின் சியும் ஒன்று. கணக்குப்படி ஒரு கொய்யாவுக்கு ஈடாக நாற்பது அப்பிள் கொண்டுபோகவேண்டும். அப்பிள் கெட்ட பழம் என்று நான் சொல்லவில்லை. விலைதான் அதை உயர்ந்த பழமாக்கியது, சத்து அல்ல.

"பழத்திலும் சீனி இருக்குத்தானே?" என்று ஒரு சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வாழைப்பழத்தில் 100 கிராமுக்கு 12 கிராமளவும், மாம்பழத்தில் 14 கிராமளவும், கொய்யாவில் ஒன்பதும் உண்டு. ஆனால் பழத்தின் சீனி அதன் நாருக்கும் நீருக்கும் இடையிலே அடைபட்டிருக்கிறது. கடித்து, மென்று, விழுங்கவேண்டும். மெதுவாகவே குருதியில் சேரும், வயிறும் நிறைந்துவிடும். இரண்டு வாழைப்பழத்துக்குப் பின் மூன்றாவதை உண்பது கடினம். பிஸ்கற் பைக்கற்றை முடிக்கும் வரை கை நிற்பதில்லை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் கட்டுப்படுத்தச் சொல்லும் சீனியில் முழுப்பழத்தின் சீனி சேர்க்கப்படுவதில்லை. பழச்சாற்றின் சீனியோ சேர்க்கப்படுகிறது. ஆகவே நல்ல மாம்பழத்தைக் கரைத்து, வடித்து, மேலும் நாலு கரண்டி சீனி போட்டுக் குடிப்பது பழத்தைச் சோடாவாக மாற்றும் வேலை. நீரிழிவு உள்ளவர்கள் பழத்தை முற்றாக விலக்கவேண்டியதில்லை. அளவை மருத்துவரிடம் கேட்டறிந்து சிறு துண்டுகளாக உண்ணலாம்.

சோற்றுக்குப் பின் ஒரு துண்டு

பழத்தை எப்போது உண்கிறோம் என்பதும் முக்கியமானது. எமது தாய்மாரிடமும் வளரும் பெண்பிள்ளைகளிடமும் குருதிச்சோகை பரவலாகக் காணப்படுகிறது. படி ஏறினால் இளைப்பு, எந்நேரமும் அலுப்பு, கண்ணின் கீழிமை வெளிறியிருத்தல் என்பன அதன் அறிகுறிகள். இரும்புச்சத்துக் குறைவு இதற்கு ஒரு பெரிய காரணம். நாம் இறைச்சி உண்பது குறைவு. எமக்குக் கிடைக்கும் இரும்பு பெரும்பாலும் பருப்பு, பயறு, கீரை ஆகியவற்றிலிருந்து வருவது. இந்த இரும்பை உடல் இலகுவில் உறிஞ்சாது, பெரும்பகுதி வெளியேறிவிடும். ஆனால் அதே சாப்பாட்டுடன் விற்றமின் சி சேருமாயின் உறிஞ்சப்படும் அளவு இரண்டு மூன்று மடங்காகக் கூடலாம். மாறாக, சோற்றுக்கு மேல் உடனே குடிக்கும் தேநீர் அந்த இரும்பைக் கட்டிப்பிடித்துக் கொண்டு போய்விடும்.

ஆகவே மத்தியானச் சோறும் கீரையும் உண்டவுடன் ஒரு துண்டு கொய்யா அல்லது பப்பா உண்ணுங்கள். தேநீரை ஒரு மணித்தியாலம் பிந்திக் குடியுங்கள். பழம் இல்லாத நாளில் முருங்கையிலை வறையை அடுப்பால் இறக்கிய பின் தேசிக்காய்ப் புளி விடுங்கள். எமது ஆச்சிமார் சொதியை இறக்கி வைத்துவிட்டுத்தான் தேசிக்காய்ப் புளி விட்டார்கள். கொதிக்கக் கொதிக்க விட்டால் கைக்கும் என்பார்கள். சூட்டில் விற்றமின் அழியும் என்பது அவர்களுக்குத் தெரியாது, ஆனால் பழக்கம் சரியாகவே இருந்திருக்கிறது. இன்னொன்று: பப்பாவிலும் மாம்பழத்திலும் உள்ள விற்றமின் ஏ உடலில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். தேங்காய்ப்பால் சேர்ந்த கறியுடன் சோறுண்ட பின் பழம் தின்பது இதற்கும் பொருத்தமானது.

பழத்தைப் பற்றிச் சில பயங்கள் எம்மிடையே உண்டு. வாழைப்பழம் சளி, அன்னாசி கிரந்தி, பப்பா சூடு. சளி என்று வாழைப்பழத்தைத் தடுக்கும் தாயார், அழும் பிள்ளைக்கு ஐஸ்பழம் வாங்கிக் கொடுப்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். குறிப்பிட்ட ஒரு பழம் ஒரு பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், அதை விலக்கினால் போதும். கர்ப்பிணித் தாய்மாரைப் பொறுத்தவரை பப்பாக்காயின் பால்தான் தவிர்க்கவேண்டியது. நன்றாகப் பழுத்த பழத்தை அளவாக உண்பதால் கருவுக்குக் கெடுதி என்பதற்குச் சான்று இல்லை. ஐயம் உள்ளவர்கள் குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்கட்டும். அவர் சொல்வதைக் கேளுங்கள், பக்கத்து வீட்டார் சொல்வதை அல்ல.

பசித்த பிள்ளைக்குப் பழம் போதுமா?

இங்கே உண்மையொன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பழத்தில் புரதம் மிகக் குறைவு. வாழையைத் தவிர்த்தால் சக்தியும் குறைவு. காலையில் வெறும் தேநீருடன் பாடசாலைக்குப் போன பிள்ளைக்குப் பத்து மணிக்கு ஒரு துண்டு பப்பா கொடுத்தால் அதன் பசி அடங்காது. நிறை குறைந்த பிள்ளைக்குச் சக்தி வேண்டும். நாலு பிஸ்கற், அதாவது 40 கிராமளவு, 190 கலோரி கொடுக்கிறது. அதே சக்திக்கு அரைக்கிலோவுக்கு அருகில் பப்பா வேண்டும். இந்த ஒரு விடயத்தில் பிஸ்கற் வெல்கிறது. அதை மறுப்பவர் பசித்த பிள்ளையைக் கண்டறியாதவர்.

ஓடிக்கொண்டிருந்த காலங்களில் பிஸ்கற் பைக்கற் எத்தனை பிள்ளைகளின் உயிரைப் பிடித்து வைத்தது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அடுப்பு மூட்ட முடியாத இடத்தில், தண்ணீர் இல்லாத இடத்தில், அது கெடாமல் கையில் இருந்தது. ஆனால் அவசரகாலத்துக்கென உலக உணவுத் திட்டம் போன்ற நிறுவனங்கள் தயாரிப்பிக்கும் பிஸ்கற் வேறு, கடைப் பிஸ்கற் வேறு. முன்னையதில் 100 கிராமுக்குக் குறைந்தது 10 கிராம் புரதம் இருக்கவேண்டும், விற்றமின்களும் கனியுப்புகளும் சேர்க்கப்படவேண்டும். திரிபோஷாவும் ஆலையில் தயாராவதுதான். சோளமும் சோயாவும் கொண்ட அந்த மா, தாய்க்கும் நிறை குறைந்த பிள்ளைக்கும் என்று அளந்து செய்யப்பட்டது. எனவே ஆலையிலிருந்து வருவது எல்லாம் தீது என்று நான் சொல்லவில்லை. என்ன போட்டு ஆலையில் செய்தார்கள் என்பதே கேள்வி.

சக்திக்கும் புரதத்துக்கும் நம்மிடம் வேறு பண்டம் இருக்கிறது. கச்சான் 100 கிராமில் 560 கலோரிக்கு மேல் சக்தியும் 25 கிராமளவு புரதமும் உண்டு. பிஸ்கற்றை விடச் சக்தி கூட, புரதம் நாலைந்து மடங்கு. எள்ளும் அதற்கு அண்மித்தது. ஒரு பிடி வறுத்த கச்சானும் ஒரு வாழைப்பழமும் பாடசாலைப் பையில் போனால், அது எந்தக் கிறீம் பிஸ்கற்றையும் விட நிறைவான சிற்றுண்டி. எள்ளுப்பாகும் புழுக்கொடியலும் தேங்காய்ச் சொட்டும் எமது பழைய பைக்கற்றுகள். அவித்த கடலை, பயறு பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கச்சானை முழுதாகக் கொடுக்கவேண்டாம், தொண்டையில் சிக்கும். இடித்துச் சர்க்கரையுடன் உருண்டையாக்கிக் கொடுக்கலாம். பூஞ்சணம் பிடித்த, கசக்கும் கச்சானை வறுத்தும் பயன்படுத்தக் கூடாது. அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு ஈரலைக் கெடுப்பது, சூட்டில் போகாது.

மரம் நடாத வருடங்கள்

பைக்கற் எம் முற்றத்துக்கு எப்படி வந்தது? கடையும் விளம்பரமும் மட்டும் கொண்டுவரவில்லை. முற்றமே இல்லாமற் போனதால் வந்தது என்பது என் எண்ணம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், அதே ஆண்டில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்திலும், 1995 ஐப்பசியில் வலிகாமத்திலிருந்தும், 2008, 2009இல் வன்னியிலிருந்தும் மக்கள் இடம்பெயர்ந்தபோது, பின்னால் விட்டுச் சென்றவற்றில் மாவும் பலாவும் தோடையும் அடங்கும். கூடாரத்தின் வாசலில் பழமரம் இல்லை, சிறு கடை இருந்தது. அழும் பிள்ளையைத் தேற்றக் கையிலிருந்த சில்லறைக்கு அங்கு கிடைத்தது பைக்கற். மெனிக் பாம் 2012 புரட்டாதியில் மூடப்பட்டது. நாவுக்குப் பழகிய சுவையோ மக்களுடன் கூடவே ஊருக்கு வந்துவிட்டது.

வலிகாமம் வடக்கில் செம்மண் தோட்டம் செய்த முதியவர் ஒருவரை அறிவேன். 1990இல் புறப்பட்டு நலன்புரி முகாமொன்றில் இருபது வருடங்களுக்கு மேல் இருந்தவர். முகாமில் அவருடைய கொட்டிலைச் சுற்றி ஒரு மரமும் இருக்கவில்லை. ஏன் என்று கேட்டபோது சொன்னார்: "மூண்டு மாசத்திலை போயிடுவம் எண்டுதானே பாதர் இருந்தம். மரம் நட்டால் போகமாட்டம் எண்டு ஆகிடும் எண்டு பயம். அண்டைக்கு ஒரு மாங்கொட்டையைப் போட்டிருந்தால் என்ரை பேரப்பிள்ளையளும் பழம் சாப்பிட்டிருக்கும்."

இன்றும் சொந்தக் காணிக்குப் போகமுடியாதவர்கள் இருக்கிறார்கள். பிறர் காணியில், உறவினர் வளவில், வாடகைக்கு இருப்பவர்கள் இருக்கிறார்கள். மரம் நடுவதென்றால் காணிக்காரர் முகம் சுளிப்பார், நாளை உரிமை கேட்பார்களோ என்ற பயம் அவருக்கு. மாவுக்கும் தென்னைக்கும் அப்படித்தான். ஆனால் பப்பாவுக்கும் வாழைக்கும் மறுத்த காணிக்காரரை நான் அதிகம் கண்டதில்லை. ஊருக்குத் திரும்பியவர்களும் மா காய்க்கும் வரை காத்திருக்கும் வருடங்களுக்கு இவற்றையே நாடலாம்.

பப்பா நட்டு எட்டு ஒன்பது மாதத்தில் காய்க்கும். ஒரு போகத்தை எதிர்பார்த்து நெல் விதைக்கும் விவசாயிக்கு இது பெரிய காத்திருப்பு அல்ல. 'ரத்ன' என்ற உள்ளூர் இனமும் 'ரெட் லேடி' என்ற கலப்பினமும் இங்கு நன்றாக வருகின்றன. கலப்பினத்தின் பழத்திலிருந்து எடுக்கும் விதை தாய்மரத்தைப் போல வராது, ஆகையால் விதை எடுப்பதற்கு உள்ளூர் இனமே உகந்தது. வாழை பத்து முதல் பன்னிரண்டு மாதம் எடுக்கும். அதன் சிறப்பு வேறு. இடம் மாறவேண்டி வந்தால் குட்டியைக் கிளப்பிச் சாக்கில் போட்டுக்கொண்டு போகலாம். முகம் கழுவும், பாத்திரம் கழுவும் தண்ணீரை வாய்க்கால் வெட்டி வாழையடிக்கு விட்டால் தனியே இறைப்புத் தேவையில்லை. கொய்யா விதையிலிருந்து மூன்று நாலு வருடம் எடுக்கும், பதிவைத்த கன்று இரண்டாம் வருடத்திலேயே காய்க்கத் தொடங்கிவிடும். வேலியில் இடமிருந்தால் கொடித்தோடை ஒன்றைப் படரவிடலாம்.

பப்பாவின் எதிரி தண்ணீர் தேங்குதல். இரண்டு நாள் வேரடியில் வெள்ளம் நின்றால் மரம் படுத்துவிடும். வன்னியின் களிமண் நிலத்தில் முழங்கால் உயரத்துக்கு மண்மேடு போட்டு அதன் மேல் நடவேண்டும். மாரி மழை தொடங்கும்போது நட்டு, கார்த்திகை வெள்ளத்துக்குள் மேட்டை மீண்டும் அணைத்துவிடுங்கள்.

விதைக்குப் பழம் தெரியும்போது உருண்டையானதை விட்டு நீண்ட பழத்தை எடுங்கள். நீண்ட பழம் இருபால் மரத்தில் காய்ப்பது. விதையின் மேலுள்ள வழுவழுப்பான தோலைச் சாம்பலில் பிசைந்து கழுவி, நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் வேண்டாம். ஒரு குழிக்கு மூன்று கன்று வையுங்கள். நாலைந்து மாதத்தில் பூக்கும்போதுதான் ஆண், பெண் தெரியும். நீண்ட காம்பில் கொத்துக் கொத்தாகச் சிறு பூ தொங்கினால் அது ஆண். அதைப் பிடுங்கிவிட்டுக் காய்க்கும் கன்று ஒன்றை மட்டும் குழியில் நிற்க விடுங்கள். எல்லா ஆணையும் வெட்டிவிடவேண்டாம். பெண் மரங்கள் நிற்கும் வளவில் பத்துக்கு ஒன்றாவது நிற்கவேண்டும்.